ஒரே தரம், ஊருக்கொரு விலை

கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ கவுன்டியில் லனாரே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சில நூறு பேர் வாழும் ஊர். ஏழைத் தொழிலாளர் குடும்பங்களே அதிகம். ஊர்க் கிணற்று நீரில் ஆர்சனிக் அளவுக்கு மேல் இருந்தது. அதை நீக்குவதற்காக மத்திய அரசின் நிதியில் ஏறத்தாழ 13 லட்சம் டாலருக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டிக் கொடுத்தார்கள். 2007 வாக்கில் அது இயங்கத் தொடங்கிச் சில மாதங்களிலேயே மூடப்பட்டது. தொழில்நுட்பம் தோற்றதால் மூடவில்லை. அதை ஓட்டுவதற்கான மாதச் செலவை அந்தச் சில நூறு பேரால் தாங்க முடியவில்லை. அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு, குடிக்கக் கூடாத குழாய்த் தண்ணீருக்கு மாதக் கட்டணம் ஒரு பக்கம், குடிப்பதற்கு வாங்கும் பாட்டில் தண்ணீருக்குச் செலவு இன்னொரு பக்கம் என்று இரட்டைச் சுமையை அந்த ஊர் சுமந்தது. கட்டுவதற்குப் பணம் கொடுத்தவர்கள் யாரும், ஓட்டுவதற்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கவில்லை.

லனாரேவுக்கு நேர்ந்தது எதிர்பாராத விபத்து என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்ற வரம்பு 1942 முதல் நடைமுறையில் இருந்தது. 2001 ஜனவரியில் அதை 10 ஆகக் குறைத்தார்கள். அடுத்து வந்த புஷ் அரசு, சிறிய ஊர்களால் செலவைத் தாங்க முடியாது என்ற எதிர்ப்பைக் காட்டி மார்ச்சில் அதை நிறுத்திவைத்தது. ஆர்சனிக்கால் வரும் புற்றுநோய் ஆபத்து முன்பு நினைத்ததைவிடவும் கூடுதல் என்று தேசிய அறிவியல் கழகத்தின் மறு ஆய்வு சொன்ன பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் 10 என்ற வரம்பையே ஏற்றுக்கொண்டது. அந்த விதி வந்தபோது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட மதிப்பீட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. 10,000 பேருக்கு மேல் தண்ணீர் தரும் அமைப்புகளில், விதியை நிறைவேற்ற ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு டாலருக்கும் குறைவில் தொடங்கி 32 டாலர் வரை. அதைவிடச் சிறிய அமைப்புகளில் 38 டாலரிலிருந்து 327 டாலர் வரை. நஞ்சு ஒன்றுதான், வரம்பும் ஒன்றுதான். பெரிய நகரத்தில் ஒரு காபி விலைக்குக் கிடைக்கும் பாதுகாப்புக்கு, சிற்றூரில் ஒரு குடும்பம் பல மாதத் தண்ணீர்க் கட்டணத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

காரணம் எளிமையானது. தண்ணீர் நிலையத்தின் செலவில் பெரும்பகுதி, எத்தனை வீடுகள் இருந்தாலும் மாறாத செலவு. 100 வீடுகளுக்கும் ஓர் ஆபரேட்டர் வேண்டும், 5,000 வீடுகளுக்கும் ஓர் ஆபரேட்டர் போதலாம். மாதச் சம்பளம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் ஊரில் வீட்டுக்கு 60 ரூபாய். இரண்டாவது ஊரில் ஒரு ரூபாய் சில்லறை. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் கட்டணம், மோட்டார் பழுது, உதிரி பாகம், வண்டி வாடகை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். அமெரிக்கச் சட்டம் இதை அறியாமல் இல்லை. செலவைத் தாங்க முடியாத சிறிய ஊர்களுக்குத் தளர்வு தரலாம் என்று 1996 திருத்தம் சொல்கிறது. ஆனால், தாங்க முடியுமா என்பதை அளக்க அந்த முகமை வைத்த கோல், நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் 2.5 சதவீதம். நாடு முழுமைக்குமான இடைநிலை வருமானத்தை லனாரேயின் கூலித் தொழிலாளிமேல் வைத்துப் பார்த்தால், எந்த விதியும் தாங்கக்கூடியதாகத்தான் தெரியும்.

இந்த விவாதத்தில் இரண்டு தரப்புகள் உண்டு. சிறிய ஊர்களுக்குத் தர வரம்பைத் தளர்த்தச் சொல்கிறது ஒன்று. உடல்நலத்தில் சமரசமே கூடாது, வரம்பு எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது மற்றொன்று. முதல் தரப்பு தவறு. இரண்டாவது தரப்பு சரி, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. தரத்தை ஓர் அரசு நாடு முழுமைக்கும் அறிவிக்கிறது என்றால், அதன் செலவையும் நாடு முழுமைக்கும் பகிர வேண்டும். வரம்பைத் தலைநகரில் எழுதிவிட்டுச் செலவுச் சீட்டை ஊராட்சியின் கையில் கொடுப்பது, தரத்தைக் காகிதத்தில் உயர்த்திக் குழாயில் கைவிடுவதற்குச் சமம். நம்முடைய ஊராட்சிகளில் இப்போது நடந்துகொண்டிருப்பதும் இதுதான்.

2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, நாட்டின் கிராமப்புற வீடுகளில் 3.23 கோடி வீடுகளுக்கு மட்டுமே குழாய் இணைப்பு இருந்தது. இன்று அது 15 கோடியைத் தாண்டிவிட்டது. சுதந்திர இந்தியாவில் இவ்வளவு வேகமாக நடந்த கட்டமைப்புப் பணிகள் குறைவு. இதைக் குறைத்துப் பேசுவதில் நியாயம் இல்லை. இந்தத் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றும், அந்தத் தண்ணீர் ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. ஊருக்குள் அமைக்கும் கட்டமைப்புச் செலவில் 10 சதவீதத்தை ஊர் மக்கள் தர வேண்டும். மலைப் பகுதிகளிலும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெரும்பான்மையாக வாழும் ஊர்களிலும் 5 சதவீதம். குழாய் பதித்து முடிந்த பிறகு பராமரிப்பு, கட்டண வசூல் எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. 2025 பட்ஜெட்டில் திட்டத்தை 2028 வரை நீட்டித்த நிதியமைச்சர், இனிக் கவனம் கட்டமைப்பின் தரத்திலும், மக்கள் பங்கேற்புடன் கூடிய பராமரிப்பிலும் இருக்கும் என்றார். கவனம் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் ஓர் ஊரின் நிலத்தடி நீரிலேயே நஞ்சு இருந்தால், அங்கே அந்தப் பங்கேற்புக்கு எவ்வளவு செலவாகும் என்று யாரும் சொல்லவில்லை.

ஃபுளோரைடை எடுத்துக்கொள்வோம். அதனால் வரும், எலும்பையும் பல்லையும் சிதைக்கும் நோயை இந்தியாவில் முதன்முதலில் பதிவு செய்தது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில். பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வருவது ஃபுளோரைடு. ஊர்க்காரர்கள் யாரும் கொண்டுவந்து கொட்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்ததற்கும், நடுவயதிலேயே முதுகும் மூட்டும் இறுகிப்போனதற்கும் இதுவே காரணம். ஐ.எஸ். 10500 தர நிர்ணயம், லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கிறது; வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்கிறது. உப்புத் தண்ணீரை நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஃபுளோரைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, சுவையும் கிடையாது. இரண்டு மூன்று மில்லிகிராம் கலந்த தண்ணீர், நல்ல தண்ணீரைப் போலவே இனிக்கும். அதனால்தான் இதற்குச் செலவு செய்யச் சொல்லி ஊரை இணங்கவைப்பது கடினம்.

இதை நீக்கும் கருவி ஊரில் எப்படி இயங்குகிறது என்று கிட்டத்தில் பார்த்தால் பிரச்சினையின் முடிச்சு புரியும். செயலூட்டிய அலுமினாக் குருணைகள் நிரப்பிய ஒரு கலன் வழியாகத் தண்ணீரை விடுவது ஒரு முறை. குருணை ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட அளவு தண்ணீர் ஓடிய பிறகு குருணை நிறைந்துவிடும்; அதற்கு மேல் பிடிக்காது. அப்போது காஸ்டிக் சோடா கரைசல் விட்டுக் கழுவி, பிறகு அமிலம் விட்டுச் சமன்படுத்தி மறுபடி பயன்படுத்த வேண்டும். கழுவிய கரைசலில் ஃபுளோரைடு பல மடங்கு செறிந்திருக்கும். அதை ஊருக்கு வெளியே பள்ளத்தில் ஊற்றினால் மறுபடி நிலத்தடிக்கே போகும். காஸ்டிக் சோடாவையும் அமிலத்தையும் கையாளும் இந்த வேலையைச் செய்ய வேண்டியவர் யார்? காலையில் மோட்டார் போட்டு, வால்வு திறந்து, பிளீச்சிங் பவுடர் கலந்து, மாதம் சில ஆயிரம் ரூபாய் வாங்கும் ஊராட்சி டேங்க் ஆபரேட்டர். அவர் கழுவவில்லை என்றாலும் தண்ணீர் நிற்காது. கலனுக்குள் போன ஃபுளோரைடு அப்படியே வெளியே வரும், அவ்வளவுதான். பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. மோட்டார் காயில் கருகிப்போனால் அன்று மாலையே ஊர் திரண்டு ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் நிற்கும். குருணை செத்துப்போனால் கேட்க ஆள் இருக்காது. தெலங்கானாவின் நல்கொண்டா பெயரில் நாக்பூரில் உள்ள ஓர் ஆய்வுக் கூடம் உருவாக்கிய, படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கித் தெளியவைக்கும் முறை இன்னும் மலிவானது. ஆனால் அதற்கும் தினமும் அளந்து போடும் கை வேண்டும், சேரும் சகதியை அகற்ற இடம் வேண்டும். கருவி வாங்கும் செலவை ஒரு முறை மானியம் கொடுத்து முடித்துவிடலாம். அதை உயிரோடு வைத்திருக்கும் செலவு மாதந்தோறும் வந்துகொண்டே இருக்கும்.

இதற்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் அரசு நிறுவனமொன்றின் கடனுதவியுடன் 1,928 கோடி ரூபாயில் நிறைவேறி, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீரைச் சுத்திகரித்து, மேடான தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளுக்கு ஏற்றிக் கொண்டுபோகிறது. ஃபுளோரைடை ஊர் ஊராகப் பிடித்து நீக்குவதைவிட, ஃபுளோரைடு இல்லாத நீரைக் கொண்டுவந்துவிடுவது என்ற முடிவு சரியானது. செலவை இரு மாவட்டங்களுக்கும் அரசுக்கும் பரப்பியது என்பது அதைவிடச் சரியானது. ஆனால் குழாயின் கடைசியில் இருக்கும் ஊருக்கு ஆற்றுநீர் நாள் தவறாமல் வருவதில்லை. வராத நாளில் ஊர் சும்மா இருக்குமா? பழைய போரிலிருந்து மோட்டார் போட்டு அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றுவார்கள். இரண்டும் கலந்து குழாயில் வரும். ஆற்றுநீர் வழியாக வந்த தரம் தொட்டியிலேயே கரைந்துபோய்விடுகிறது. இதற்கு ஆபரேட்டரைக் குறை சொல்வது வீண். குடம் காலியாக இருக்கும் வீட்டில் மில்லிகிராம் கணக்கு எடுபடாது. போதிய அளவு தண்ணீரை, போதிய அழுத்தத்தில், தினமும் கடைசி ஊர் வரை கொண்டுசேர்ப்பதற்கான மின்சாரமும் பராமரிப்பும் தரத்தின் செலவில்தான் சேரும்.

இங்கே எழும் முதல் ஆட்சேபம்: செலவு இவ்வளவு என்றால், சின்ன ஊர்களுக்கு வரம்பைச் சற்றுத் தளர்த்தினால் என்ன? ஏற்கெனவே 1.5 வரை பொறுத்துக்கொள்கிறோமே, இன்னும் கொஞ்சம் கூடட்டுமே? உண்மையில் அறிவியல் இதற்கு நேரெதிர்த் திசையில் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1.5 என்ற வழிகாட்டு அளவைச் சொல்லும்போதே, தட்பவெப்பத்தையும் மக்கள் குடிக்கும் நீரின் அளவையும் பார்த்து ஒவ்வொரு நாடும் அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது. குளிரூட்டிய அலுவலகத்தில் இரண்டு லிட்டர் குடிப்பவருக்கு 1.5 அளவில் உடலுக்குள் போவது 3 மில்லிகிராம். தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வெயிலில் களை எடுத்து ஐந்து லிட்டர் குடிப்பவருக்கு, வரம்புக்குள் இருக்கும் 1 மில்லிகிராம் நீரிலேயே 5 மில்லிகிராம் போய்விடும். தளர்த்துவதாக இருந்தால் நகரத்துக்குத்தான் தளர்த்தலாம். கிராமத்துக்கு இறுக்க வேண்டும். ஏழை ஊரென்பதால் வரம்பைக் கூட்டுவது என்பது, அதிகம் குடிப்பவருக்கு அதிக நஞ்சு கொடுப்பது.

இரண்டாவது ஆட்சேபம் பொருளாதாரம் பேசுபவர்களுடையது. இலவசமாகக் கொடுத்தால் வீணடிப்பார்கள், பயன்படுத்துபவர் செலவைத் தர வேண்டும், அப்போதுதான் பொறுப்பு வரும் என்பார்கள். இதில் பாதி எனக்கு உடன்பாடு. தண்ணீருக்குக் கட்டணம் இருக்க வேண்டும். வசூலிக்காத ஊராட்சியில் மோட்டார் பழுதைச் சரிசெய்யக்கூடப் பணம் இருக்காது. ஆனால் ஒரு குடும்பம் குறைக்கக்கூடிய செலவு அது இறைத்துச் செலவழிக்கும் நீரின் அளவு மட்டும்தான். தன் ஊருக்கடியில் என்ன பாறை இருக்கிறது என்பதை அந்தக் குடும்பம் தேர்ந்தெடுக்கவில்லை. நகரத்தில் இந்தக் கொள்கையை நாம் கடைப்பிடிக்கிறோமா? சென்னைக்காக நெம்மேலியில் நாளொன்றுக்கு 150 மில்லியன் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது நிலையம் 1,516 கோடி ரூபாயில் கட்டப்பட்டு 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் போகும் தெருக்கள் தனியாக அதன் முழுச் செலவையும் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நகரம் முழுவதும் பகிர்கிறது, மீதியை அரசு தாங்குகிறது. மின்சாரத்திலும் அப்படித்தான். மலையுச்சியில் இருக்கும் பத்து வீட்டுக்குக் கம்பி இழுக்க ஆகும் செலவு எத்தனை மடங்காக இருந்தாலும், வீட்டு மின்கட்டண விகிதம் மாநிலம் முழுவதும் ஒன்றுதான். மின்சாரத்துக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தைத் தண்ணீருக்கு மறுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கேன் தண்ணீர் இருக்கிறதே, ஊர்தோறும் ஆர்.ஓ. பிளாண்ட் வைத்துவிடலாமே என்பது மூன்றாவது யோசனை. பல ஊர்களில் நடப்பதும் அதுதான்: காசு உள்ளவர் 20 லிட்டர் கேன் வாங்குகிறார், இல்லாதவர் போர் தண்ணீரையே குடிக்கிறார். கேன் வாங்கும் வீட்டிலும் சோறும் குழம்பும் கொதிப்பது பெரும்பாலும் குழாய்த் தண்ணீரில்தான். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. ஆர்.ஓ. இயந்திரம் கணிசமான நீரைக் கழிவாகத் தள்ளுகிறது, அந்தக் கழிவில் நஞ்சு செறிந்திருக்கிறது, மெம்பரேன் அடைத்தால் மாற்றும் செலவு மறுபடி ஊராட்சியின் தலையில். நெருக்கடி நேரத்துக்கு இது உதவும். நிரந்தர ஏற்பாடு ஆகாது.

அரசிடம் ஏது பணம் என்பது கடைசிக் கேள்வி. பதினைந்தாவது நிதிக் குழு 2021–26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமென்று மட்டும் கட்டி ஒதுக்கிய மானியம் 1.42 லட்சம் கோடி ரூபாய். ஆனால் உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பிரித்த அளவுகோலில் மக்கள்தொகைக்கு 90 சதவீதம், பரப்பளவுக்கு 10 சதவீதம் எடை. தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதற்கு எடையே கிடையாது. ஆற்றங்கரையில் நல்ல ஊற்று உள்ள ஊரையும் ஃபுளோரைடுப் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ஊரையும் அந்த வாய்ப்பாடு ஒன்றாகவே பார்த்தது. ஜல் ஜீவன் நிதிப் பங்கீட்டில் ரசாயன மாசு உள்ள குடியிருப்புகளின் மக்கள்தொகைக்குப் பத்து சதவீத எடை உண்டு. ஆனால் அது கட்டுவதற்கான பணம். லனாரேயில் நடந்த அதே பிழை.

கலிஃபோர்னியா தன் பிழையைப் பிற்பாடு ஓரளவு திருத்திக்கொண்டது. அருகருகே தோற்றுக்கொண்டிருக்கும் சிறிய அமைப்புகளைப் பெரிய அமைப்போடு இணைக்கும் அதிகாரத்தை 2015-ல் மாநில நீர் வாரியத்துக்குக் கொடுத்தார்கள். 2019-ல் நிறைவேறிய ஒரு சட்டம், ஆண்டுக்கு 13 கோடி டாலர் வரை 2030 வரைக்கும் பாதுகாப்பான குடிநீருக்காக ஒதுக்கியது. இயக்கவும் பராமரிக்கவும் அந்த நிதியைச் செலவிடலாம். லனாரேயிலும் பின்னர் அரசு நிதியில் புதிய கிணறுகள் தோண்டப்பட்டன. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஓட்டும் செலவுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

தமிழ்நாட்டில் இதைச் செய்யக் கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரியம் 1971 முதல் இயங்குகிறது. கூட்டுக்குடிநீர்த் திட்டங்களை நடத்திய அனுபவம் அதற்கு உண்டு. ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளில் ஃபுளோரைடு, நைட்ரேட், அதிக உப்பு என்று ஏதாவது ஒன்றால் வரம்பு மீறும் ஊர்களை ஆய்வக முடிவுகளின்படி பிரித்து, அவற்றுக்கு மட்டும் மாவட்ட அளவில் ஒரு தர நிதி வைக்கலாம். நல்ல ஊற்றுள்ள ஊர் கட்டும் அதே கட்டணத்தை இந்த ஊர்களும் கட்டட்டும். அதற்கு மேல் ஆகும் ரசாயனம், குருணை, மின்சாரம், ஆய்வுக் கட்டணம் ஆகியவற்றின் வித்தியாசத்தை நிதி ஏற்கட்டும். முப்பது நாற்பது ஊர்களுக்கு ஒரு பயிற்சி பெற்ற குழு வண்டியோடு சுற்றி வந்து கலன்களைக் கழுவி, கழிவை எடுத்துச் செல்லட்டும். அமிலம் கையாளும் வேலை டேங்க் ஆபரேட்டருடையது ஆகக் கூடாது. எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு டெண்டர் விட்டாலும் பத்து ஆண்டு ஓட்டும் செலவையும், அதை யார் தருவார் என்பதையும் எழுதாமல் அனுமதி தரக் கூடாது.

இது ஊராட்சியின் உரிமையைப் பறித்து வாரியத்திடம் கொடுப்பதாகாதா என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. மேலிருந்து வரும் திட்டங்கள் கீழே யாருக்கும் பதில் சொல்வதில்லை என்பது நாம் பலமுறை பார்த்தது. எனவே நிதி மேலே சேரட்டும், கணக்கு கீழே இருக்கட்டும். விநியோகம், கட்டணம், வசூல் ஊராட்சியிடமே தொடரலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்கள் வீதம் நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். மாதிரியில் ரசாயனச் சொட்டு விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்ல அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எடுத்த அளவுகளையும், சுற்றி வரும் குழு கடைசியாக எந்தத் தேதியில் கலனைக் கழுவியது என்பதையும், அந்த ஆண்டு தர நிதியிலிருந்து ஊருக்கு வந்த தொகையையும் மார்ச் 22 உலக நீர் நாள் கிராம சபையில் ஊராட்சி செயலர் வாசிக்க வேண்டும் என்று ஓர் அரசாணை போதும்.